ஒரு போன் அழைப்பில் போன மாநாடு

மட்டாஞ்சேரி ஹோட்டல் ஒன்றில் போன் எடுக்கும் வேலை எனக்கு. வெள்ளம் வடிந்த மறுவாரம் மதுரையிலிருந்து ஒரு டாக்டர் பேசினார். அவர்களுடைய பல் மருத்துவர்கள் மாநாடு அடுத்த மாதம் எங்கள் ஹோட்டலில் நடப்பதாக இருந்தது.

"அங்க நிலைமை எப்படிம்மா இருக்கு?"

தமிழ்க் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். "சுள்ளிக்கல்ல எங்க வீடே மூழ்கிடுச்சு சார். ஊரே போச்சு" என்றேன். ஹோட்டலுக்குள் தண்ணீர் ஏறவில்லை, சாலைகள் திறந்துவிட்டன என்பதைச் சொல்லவே இல்லை.

"ஐயோ, இந்த நேரத்துல நாங்க வந்து தொந்தரவு குடுக்கக் கூடாதும்மா" என்று வைத்துவிட்டார். மறுநாள் நானே கூப்பிட்டுக் கெஞ்சினேன். அதற்குள் வேறு ஊரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு மாநாடுகள் விலகின. அறைகள் காலியாகவே கிடந்ததால், துணி துவைக்கும் சாந்தா சேச்சியையும் இன்னும் பலரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

சேச்சி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "நீ பொய் ஒண்ணும் பறஞ்சில்லல்லோ மோளே" என்றார், நான் பொய் எதுவும் சொல்லவில்லையே என்று. பிறகு, "அவங்க வந்திருந்தா எனக்கு வேலை இருந்திருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது இல்லை என்று விசாரித்து வைத்துக்கொள்கிறேன். "தைரியமா வாங்க, நீங்க வந்தாதான் எங்களுக்கு வேலை" என்று சொல்லவும் தயாராக இருக்கிறேன். கேட்டு போன் செய்கிறவர்கள்தான் இல்லை.