ஜேசுராஜ் கேட்டு வாங்கிய நைட் ஷிப்ட்

கொரட்டூர் ஜேசுராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர். ஒன்பது வருடம் நைட் ஷிப்டை விடாமல் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் தட்டிக் கழிக்கும் ஷிப்டை இவர் ஏன் விரும்புகிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

முப்பத்தைந்து வயதில் ஒரு நாள் குளிக்கும்போது விதைப்பையின் தோலில் மூன்று கட்டிகள் கையில் பட்டன. பட்டாணி அளவு, வெளிர் மஞ்சள். வலியோ அரிப்போ இல்லை. சில மாதங்களில் மூன்று ஏழாயின. வேறு பெண்ணிடம் அவர் போனதில்லை. ஆனாலும் மின்சார ரயிலில் ஒட்டியிருந்த ‘ரகசிய நோய்’ நோட்டீஸைப் படித்ததிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. மனைவி ஞானகுமாரிக்கு ஒட்டிக்கொண்டால்? எங்கே போய் வாங்கி வந்தாய் என்று அவள் கேட்டுவிட்டால்?

டாக்டரிடம் காட்ட வெட்கம். அதனால் நைட் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். பகலில் அவர் தூங்கும்போது ஞானகுமாரி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகுவலி என்று, மனைவியையும் மகள் ஷைலாவையும் அறையில் விட்டு ஹாலில் பாய் போட்டுக்கொண்டார். முதல் இரண்டு வருடம், “இன்னா ஆச்சு உங்களுக்கு?” என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

போன வருடம் மிஷினில் மாட்டும் கனமான இரும்பு அச்சான டையைத் தூக்கியதில் அவருக்கு ஹெர்னியா வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன் ஓர் இளம் டாக்டர் பரிசோதித்தார். ஜேசுராஜ் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

“சார், அந்தக் கட்டிங்க... ஊட்ல இருக்கறவங்களுக்கு ஒட்டிக்குமா?”

டாக்டர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். “ஒட்டாதுங்க. தோலுக்கு அடியில சின்ன பை மாதிரி உருவாகி, அதுக்குள்ள கழிவு சேர்ந்து கெட்டியாகுது. முதுகுல, கழுத்துல வர்ற மாதிரிதான். விதையில கட்டி வந்திருந்தா நானே பயந்திருப்பேன். இது வெறும் தோல். பிதுக்காதீங்க. சிவந்து வலிச்சா வாங்க. எவ்ளோ நாளா இருக்கு?”

“ஒம்பது வருஷம்.”

“யார்கிட்டயும் காட்டலையா?”

ஜேசுராஜ் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் ஞானகுமாரி கஞ்சி கொண்டுவந்து வைத்தபோது எல்லாவற்றையும் சொன்னார். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

“இதுக்கா?” என்றாள். “என்னைப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன். ஒரு தபா சாயங்காலம் உங்க கம்பெனி கேட்டாண்ட வந்து நின்னேன், தெரியுமா? நெஜமாவே வேலைக்குத்தான் போறீங்களான்னு பாக்க.”

“சொல்லியிருக்கலாமே குமாரி.”

“யாரு சொல்லணும்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஷைலாவுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வோணும்னு எவ்ளோ ஆசைப்பட்டேன்,” என்றாள் அவள். “இப்ப எனக்கு நாப்பத்திமூணு.” குரலை உயர்த்தவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உடம்பு தேறியதும் ஜேசுராஜ் பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தார். இப்போது ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறார். அவர் ஏதாவது கேட்டால் ஞானகுமாரி பதில் சொல்கிறாள், சாப்பாடு போடுகிறாள், சீரியல் பார்க்கிறாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் தனியாக இருக்கப் பழகிவிட்டாள். அதற்கு என்ன செய்வதென்று எந்த டாக்டரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.