அம்மா சொன்ன ஓம்

பாயா, ரிஃபார்மர் கருவியா? பிலாட்டிஸ் உடற்பயிற்சி பழகத் தொடங்குபவருக்கு எது நல்லது என்று கேட்டால் மூச்சுவிடாமல் பேசுவேன். அந்தளவுக்கு வாசித்து வைத்திருந்தேன். பழக வேண்டியவர் அம்மா. ஜெர்மனியின் ஹம் நகரில் முதியோர் இல்லமொன்றில் ஆட்களைத் தூக்கித் தூக்கியே அவருடைய முதுகு போயிருந்தது. மருத்துவ விடுப்பில் இருந்தார். எப்படியாவது வேலைக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

“நோகுதோ அம்மா?”

“சீச்சீ, ஒண்டுமில்லை.”

எப்போதும் இதே பதில்தான்.

முதலில் பாய் வகுப்பு. அதுதான் அடிப்படை என்று அடித்துச் சொன்னேன்.

“பாயில விழுற வயசு எனக்கு இன்னும் வரேல்லையடி” என்று பகிடி விட்டபடி வந்தார். படுத்தவரால் எழும்ப முடியவில்லை. என் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “கிடத்திறது லேசு பிள்ளை, எழுப்பிறதுதான் பாடு. வேலையில எனக்குத் தெரியாததே?” என்று சிரித்தார்.

அப்படியென்றால் ரிஃபார்மர்தான்! கட்டில் உயரம், தரைக்குக் குனிய வேண்டாம், பாரத்தை ஸ்பிரிங்குகள் தாங்கும். அடுத்த கிழமையே கூட்டிப்போனேன். பயிற்சியாளரான ஜெர்மன்காரி அம்மாவின் பாதங்களை வாரில் மாட்டி, மெல்ல உதைக்கச் சொன்னார். அவர் படுத்திருந்த பலகை வழுக்கிப் போனது. அழகாகத்தான் இருந்தது.

“வலிக்கிறதா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

அம்மா கண்களை மூடியபடி, “ஓம்” என்றார்.

பயிற்சியாளர் புன்னகைத்தார். “இது யோகா இல்லையே” என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னார்.

“ஓம்… ஓம்.”

பக்கத்துக் கருவியில் இருந்தவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு முட்டியது. பிறகுதான் அம்மாவின் கடைக்கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிவதைக் கண்டேன். இல்லத்தில் நாள் முழுக்க ஜெர்மனில் ஆறுதல் சொல்லுகிறவர் அவர். வலிக்குள் அந்த மொழி எங்கோ போய்விட்டிருந்தது. அவர் சொன்னது எங்கள் ஊர்த் தமிழில் “ஆமாம்” என்கிற “ஓம்”.

“நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினேன். நானும் தமிழில்தான் கத்தியிருக்கிறேன். ஆனாலும் பயிற்சியாளர் பதறிப்போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

உடைமாற்றும் அறையில் குந்தியிருந்து அம்மாவுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டேன். வேறு வகுப்பு, வேறு முறை என்று சொல்லுவதற்கு எனக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.

“பிள்ளை, இனி என்னால வேலைக்குப் போக ஏலாது, என்ன?”

சப்பாத்து நாடாவைப் பார்த்தபடி, “ஓம் அம்மா” என்றேன்.

 அம்மா மற்றக் காலை நீட்டினார்.