மலையில் கருவாட்டு மணம்

"ஜன்னலச் சாத்துங்க உம்மா. வடிவான மலையப் பாக்க வந்த இடத்துல கருவாட்டு மணம்!" பதுளை விடுதியில் மகள் மூக்கைப் பொத்தினாள். கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாரோ கருவாடு பொரித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், சிறுமியாக, இதே மணத்தோடுதான் நான் முதன்முதலாக மலை ஏறினேன். எங்கள் கடலோர ஊரான சாய்ந்தமருதுக் கருவாட்டை வாப்பா லொறியில் கொண்டுவந்து தோட்டங்களில் விற்பார். சாக்குகளுக்கு நடுவே நான். மலையெல்லாம் தேயிலை, சீவிய தலைபோல வரிவரியாய்க் கிடந்தது. அல்லாஹ்தான் அப்படிச் சீவிவிட்டான் என்று நினைத்தேன்.

தோட்டத்தில் வியாபாரம் தொடங்கியதும் கங்காணி ஓடிவந்தார்.

"பங்களாவுல தொரைமாரு மலைய ரசிக்கிறாங்க. நாத்தம் புடிச்ச லொறிய எடு!"

வாப்பா லொறியில் ஏற்றத் தராசைத் தூக்கினார். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்ணொருத்தி அதை எட்டிப் பிடித்தாள்.

"மலையும் மழையும் சாமி குடுத்தது. காட்ட வெட்டி, கல்லுக்கட்டி, இந்த வரிசைய நட்டது எங்க ஆளுங்க. கருவாட்டுச் சோறு தின்னுதான் நட்டாங்க. நாத்தம் தாங்கலைன்னா தொரைமாரு கண்ண மூடிக்கட்டும்!"

வாப்பா தராசை இறக்கினார். "மகள், அடுத்த சாக்க அவிழு," என்றார் என்னிடம்.

இப்போது நான் எழுந்துபோய் விடுதி ஜன்னலின் மற்றக் கதவையும் திறந்துவிட்டேன்.

"மணம் புடிக்காட்டி மலையையும் பாக்காத, மகள்."