கிழக்கு முகடு என்று எழுதியவர்கள்

டில்காவின் மலைவிடுதியில் சூப் வேண்டுமென்றால் முதலில் நோட்டில் எழுத வேண்டும். பெயர், எத்தனை பேர், எந்தப் பாதையில் ஏறப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். திரும்பி வந்த பிறகு அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் கீழே இறங்கிப் போனவனை மறுநாள் வீட்டுக்கே போன் போட்டுக் கிழித்துவிடுவாள். தலைநகர் லுப்லியானாவிலிருந்து வந்த ஒரு பெரிய வக்கீலிடம், "ஏன் சார், உங்க அம்மா உங்களைச் சாப்பிட்ட தட்டையாவது எடுக்க வச்சாங்களா இல்லையா?" என்று அவள் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த மனுஷன் அடுத்த வாரமே மறுபடி ஏறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நான் ஸ்டானே. பள்ளத்தாக்கில் மரம் அறுக்கும் மில்லில் வேலை. மலையில் யாராவது மாட்டிக்கொண்டால் தேடிப் போகும் மீட்புக் குழுவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். முன்னால் நடப்பவனின் முதுகே தெரியாத மூடுபனியில் எந்தப் பக்கம் தேடுவது என்று எங்களுக்குச் சொல்வது அந்த நோட்டின் ஒரு வரிதான்.

"மனுஷன் ஆயிரம் சொல்லுவான். நான் நோட்டைத்தான் நம்புவேன்" என்பாள் டில்கா.

"நோட்டு தானா எழுதிக்குதா மகாராணி?" என்பான் அவள் புருஷன் வின்கோ. அவள் கையிலிருக்கும் துணியால் அவன் முதுகில் ஒன்று வைப்பாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

விடுதிக்கு எதிரே, ஒரு மணி நேர நடையில், கறுப்புச் சுவர் நிற்கிறது. அதில் நாலு ஏறுவழிகள் உண்டு. ஒன்று வின்கோவும் நானும் திறந்தது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், பதினோரு கயிறு நீள உயரம், ஏற இரண்டு நாள். டில்கா அப்போது இதே விடுதியின் சமையலறையில் வேலைக்கு வந்த பெண். முதலில் ஏறுகிறவர்கள்தான் பாதைக்குப் பேர் வைப்பார்கள். வின்கோ என்னைக் கேட்காமலே 'டில்காவின் சூப்' என்று வைத்துவிட்டான். வழிகாட்டிப் புத்தகத்தில் இன்றைக்கும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. "பேரைப் பாத்துட்டு இங்க சூப் ஓசின்னு நெனச்சுக்கிட்டு வராங்க" என்று அவள் அலுத்துக்கொள்வாள். ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டியவளும் அவள்தான்.

பத்து வருஷத்துக்கு முன் அந்தச் சுவரில் ஒரு ஜோடிக் கழுகு கூடு கட்டியது. முதலில் பார்த்தவள் டில்கா. அவள் சொல்லித்தான் வனவிலங்குக் காப்பகத்துக்கு விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து மார்ச் முதல் ஜூலை முடியும்வரை கறுப்புச் சுவரில் யாரும் ஏறக் கூடாது. சமையலறை ஜன்னலில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, நோட்டின் பின்பக்கத்தில் கழுகுக் கணக்கு எழுத ஆரம்பித்தாள். எத்தனை மணிக்கு இரை வந்தது, குஞ்சு தலை தூக்கியதா என்று ஒன்று விடாமல் இருக்கும். சுவரில் ஆள் தெரிந்தால் காப்பகக் காவலருக்குப் போன் பறக்கும்.

"தன் பேர்ல இருக்கிற ரோட்டைத் தானே மூடின ஒரே பொம்பள என் பொண்டாட்டிதான்" என்று வின்கோ வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரிப்புக்குள் வருத்தமும் இருந்தது. கழுகு பறந்து போய்ச் சுவர் திறக்கும்போது விடுதி நிரம்பி வழியும், அவன் தட்டு சுமப்பான். கூட்டம் குறைந்து அவன் கை ஓய்வதற்குள் பனி விழுந்துவிடும். ஒன்பது வருஷமாக அவன் தன் சொந்தப் பாதையில் கால் வைக்கவில்லை.

இப்போது என் அயோக்கியத்தனத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன், ஜூனில், பக்கத்துப் பள்ளத்தாக்கு நண்பன் ஒருவனோடு நான் திருட்டுத்தனமாக அந்தச் சுவரில் ஏறினேன். நோட்டில் 'கிழக்கு முகடு' என்று எழுதிவிட்டுப் போனேன். கிழக்கு முகடு மலைக்கு மறுபுறம். விடுதியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வந்து, வாலைச் சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒருநாள் பிராந்தி உள்ளே போன தைரியத்தில் வின்கோவிடம் சொன்னேன்.

"அட திருட்டுப் பயலே! அவ கண்டுபிடிக்கலையா?" என்றான்.

"எழுதறதுதானே எழுதற, கிழக்கு முகடுன்னு எழுதிட்டுப் போ. யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

போன வருஷம் ஜூன் இருபத்தைந்தாம் தேதி வின்கோவுக்கு அறுபது முடிந்தது. அன்று காலை டில்கா முன்னால் உட்கார்ந்து, கோழி முட்டை மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதினான். வின்கோ, ஒருவன், கிழக்கு முகடு, ஐந்து மணி. கம்பு மாவு ரொட்டியும் ஒரு துண்டு பன்றிக்கறியும் கட்டிக் கொடுத்தாள். "பொறந்த நாளும் அதுவுமா லேட்டா வந்தே, கேக்கை நானே தின்னுடுவேன்" என்றாள். அவளிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு, "தின்னு, நீ கொஞ்சம் எளைச்சுத்தான் போயிட்ட."

பிற்பகல் இரண்டு இருபதுக்கு அவள் கழுகுக் கணக்கில் எழுதினாள்: இரண்டும் வானத்தில். நாற்பது நிமிஷமாகக் கூட்டுக்கு இறங்கவில்லை. சுவரில் யாரோ இருக்கிறார்கள். மேல்பாதியில் மேகம், ஆள் தெரியவில்லை. உடனே காவலருக்குப் போன் போட்டாள். "எவனோ ஒரு தடிமாடு சுவர்ல ஏறியிருக்கான். இறங்கி வரட்டும், விடாதீங்க." காவலர் இறங்கு பாதையில் இருட்டும்வரை காத்திருந்தார். யாரும் இறங்கி வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

வின்கோ வராததால் எங்களைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டு பேர் போனோம். மேஜையில் நோட்டை விரித்தாள். 'கிழக்கு முகடு' என்று இருந்தது. அவன் சுவரில்தான் இருக்கிறான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தோன்றிவிட்டது. பக்கத்தில் காவலர் நின்றுகொண்டிருந்தார். சொன்னால் என் கதையும் வெளியே வரும், என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். வின்கோ வேறு, நான் வேறு. அவன் டில்காவிடம் பொய் எழுத மாட்டான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிழக்கு முகட்டுக்கு முதல் ஆளாக நான்தான் நடந்தேன்.

இரண்டு நாள் தேடினோம். கல்லைக் கல்லாகப் பார்த்தோம். தொண்டை கட்டும்வரை பேர் சொல்லிக் கத்தினோம். மலைக்கு மறுபுறம் நின்று கத்தினால் எவனுக்குக் கேட்கும்? மூன்றாம் நாள் காலை டில்கா நோட்டோடு வெளியே வந்தாள். பின்பக்கத்தைத் திறந்து காவலரிடம் நீட்டி, "அந்தத் தடிமாடு என் புருஷன்" என்றாள்.

ஹெலிகாப்டர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தது. ஏழாவது கயிறு நீளத்துக்குக் கீழே, ஒரு மனிதன் உட்காருமளவு திட்டில், பாறையில் அடித்த ஆணியோடு தன்னைக் கட்டிக்கொண்டு இருந்தான். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. முந்தின இரவுதான் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். சட்டைப் பையில் ரொட்டி பாதி இருந்தது. துணியில் ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தான். பசிக்காமல் மிச்சம் வைக்கவில்லை. நாங்கள் வர இன்னும் ஒரு நாள் ஆகலாம் என்று கணக்குப் போட்டு மிச்சம் வைத்திருக்கிறான்.

டில்கா விடுதியை விட்டுவிடுவாள் என்று ஊரே சொன்னது. அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் அவள் மேலே ஏறிவிட்டாள். ஜூலை கடைசியில் கழுகுக் குஞ்சு பறந்தது, அதையும் எழுதினாள். எழுத்து நனைந்திருக்கிறது. மலையேறுவோர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் போய், கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லி அவளிடம் கையெழுத்துக் கேட்டார்கள். பாதைக்கு வின்கோ பெயரை வைக்கலாம் என்றும் ஆசை காட்டினார்கள். "கழுகு என்னய்யா பண்ணிச்சு? ரெண்டும் அவ்வளவு நேரம் சுத்திச் சுத்திச் சொல்லிச்சு. கேக்காதது நான்" என்று அனுப்பிவிட்டாள். அதன் பிறகு அவள் யாரையும் திட்டுவதில்லை. எழுதுகிறவனின் முகத்தைப் பார்த்து, "எங்க போனாலும் போ. போற எடத்தை எழுது. நான் யாருக்கும் போன் போட மாட்டேன்" என்கிறாள். கெஞ்சுகிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். கழுகை முதலில் பார்த்தவளுக்கு அப்படிச் சொல்வது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஜூனில், விடுதி திறப்பதற்கு முந்தின நாள், சரக்கு ரோப்காரில் கேஸ் சிலிண்டரை ஏற்றி அனுப்பிவிட்டு நான் நடந்து போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அடுப்பில் பார்லி சூப் ஏறியிருந்தது. அவள் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டில்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதைச் சொல்ல ஒரு வருஷம் ஆச்சா உனக்கு" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். போன வருஷத்தது அல்ல, அதற்கு முந்தினது. தேடாமலே பக்கத்தைத் திறந்தாள். என் கையெழுத்து, சுழித்த வாலோடு. பிறகு பின்பக்கத்தைப் புரட்டினாள். அதே தேதி: இரண்டும் வானத்தில், கூட்டுக்கு இறங்கவில்லை. மஞ்சள் ஹெல்மெட் இரண்டு.

"உன் ஹெல்மெட் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"ஊரான்னா கிழிச்சிருப்பேன். நீ நம்ம வீட்டு ஆளு, மனசு வரல. அவன்கிட்டகூடப் பின்னாடி ஒருநாள் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், பாரு உன் சிநேகிதன் பண்ணின வேலையைன்னு. நான் உன்னை விட்டுட்டேன்னு அவனுக்குத் தெரியும்." பென்சிலை என் முன்னால் வைத்தாள். "அதை அடிச்சுட்டு நிஜத்தை எழுது."

அடித்தேன். மேலே 'டில்காவின் சூப்' என்று எழுதினேன். அவள் போன வருஷத்து நோட்டையும் எடுத்து வந்தாள். வின்கோவின் பெரிய எழுத்து. கடைசிக் கட்டம் காலி.

"இதை?" என்றேன்.

"அது அவன் எழுத்து. அது அப்படியே இருக்கட்டும்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், "மொத நாளே உனக்குத் தோணிச்சா, ஸ்டானே?"

"தோணிச்சு."

திட்டுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் தோணிச்சு" என்றாள். "நோட்டை விரிக்கும்போதே தோணிச்சு. கழுகு சுத்தினது, நான் போன் போட்டது, எல்லாம் கண்ணு முன்னாடி நின்னுச்சு. ஆனா அவன் என் மூஞ்சிக்கு நேரா உக்காந்து எழுதினானே. என்கிட்டப் பொய் எழுதுவானான்னு இருந்துட்டேன்."

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.