இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு முரல்

என் கணவருக்கு முரல் மீன் என்றால் பைத்தியம். துறைமுகத்தின் உள்பக்கத்துக் கடலில் ஊசிபோல நீண்டு பாயுமே, அதே மீன்தான். உடம்பு தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் வால் மட்டும் உள்ளே நின்று அடித்துத் தள்ளுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. சாதாரணக் கமராவில் அந்தக் கணம் அகப்படாது. அவரை ஒருவரும் நம்பவில்லை. நானும்தான், வாய்விட்டுப் பகிடி பண்ணினேன்.

கடைசியில் கொழும்பில் ஓர் ஆய்வுகூடம் தன் ஈவென்ட் கமராவை இரவல் தந்தது. ஒரு பாய்ச்சலையாவது ஒழுங்காகக் காட்டினால் ஆராய்ச்சி தொடரும், இல்லாவிட்டால் கைவிட வேண்டியதுதான். இரவலின் கடைசி நாள் அது. பின்னேர பஸ்ஸில் கமரா கொழும்புக்குத் திரும்பிவிடும்.

அந்தக் கமரா படம் பிடிப்பதில்லை. வெளிச்சம் மாறுகிற புள்ளியை மட்டும், மாறிய கணத்திலேயே குறித்துக்கொள்ளும். அசையாத கல் அதற்கு இல்லவே இல்லை. முதன்முதல் திரையில் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. கடலைக் காணவில்லை, அலையின் விளிம்பு மட்டும் கறுப்பில் பொரிந்துகொண்டிருந்தது.

ஆனால் பொரிவது மீனா அலையா என்று சொல்ல சாதாரணக் கமராவின் படமும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவது மின்னணு படித்த என் பொறுப்பு. ஒரு சின்னப் பெட்டியிலிருந்து வயர் வழியே இரண்டு கமராவுக்கும் ட்ரிகர் துடிப்புகள், 'இப்போது' என்கிற மின் சைகைகள், போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் சாதாரணக் கமரா படம் எடுக்கும், ஈவென்ட் கமரா தன் பதிவில் ஓர் அடையாளம் இடும். அந்த அடையாளங்களில் படங்களைப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான்.

ஓர்ஸ் ஹில் மேட்டுக்குக் கீழே, துறைமுகக் கரையில், காலை முழுக்கப் பதிவு செய்தோம். மீன்கள் பாய்ந்து தள்ளின. பதிவைத் திறந்து பார்த்தால் ஓர் அடையாளம்கூட இல்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, இந்த வயரிலை கை வைச்சனீங்களோ?"

"உப்புக்காத்துக்குக் கறள் பிடிக்குமெண்டு நுனியிலை கொஞ்சம் நெயில் பொலிஷ் பூசினனான். உம்மடைதான்."

கடற்கரை ஆட்களின் புத்தி! எங்கள் ஊரில் இரும்பைக் கண்டால் துருவுக்குப் பயந்து எதையாவது பூசாமல் இருக்க ஏலாது. பூச்சு வயர் முனையின் உள் ஊசிவரை வழிந்து துடிப்பை மறித்திருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பிளேட்டால் சுரண்டினேன். அதற்குள் வெயில் ஏறி மீன்களும் அடங்கிவிட்டன.

பஸ்ஸுக்கு நேரம் நெருங்கும்போது ஒன்றே ஒன்று பாய்ந்தது.

இந்தத் தடவை அடையாளங்கள் இருந்தன. படங்களைப் பொருத்தினேன். ஒரு படத்தில் மூக்கு மட்டும் வெளியே. அடுத்ததில் மீன் முழுதாக ஆகாயத்தில். இரண்டுக்கும் நடுவே புள்ளிகள் கூடி ஓர் உடம்பாயின. உடம்பு சரிந்து மேலே நிற்க, வால் தண்ணீருக்குள் இடமும் வலமும் அடித்துக்கொண்டிருந்தது. கடவுளே! பிறந்ததிலிருந்து கண்முன்னே பாய்கிற மீன். நான் அதைப் பார்த்ததே இல்லை.

"நீங்கள் சொன்னது சரியப்பா," என்றேன். "வால் அடிக்குது."

அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லும்," என்றார்.