செயலிக்குள் கட்டுச்சோறு

தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கைபேசிச் செயலி எழுதிக்கொண்டிருந்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதை விற்கும் ஒரு கம்பெனிக்கான செயலி. அவர்களுடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் ஆர்டர் எடுத்து அதில் பதிய வேண்டும்.

தேதிக் கட்டம், ஊர்ப் பட்டியல், கையெழுத்துப் பெட்டி எதையும் நான் எழுதவில்லை. எல்லாம் செயலி எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்கிலேயே ஆயத்தமாக இருந்த உறுப்புகள். அவற்றைச் செயலியோடு சேர்த்துக் கட்டாமல் சர்வரில் வைத்திருந்தோம். படிவத்தைத் திறக்கும்போது நெட் வழியாக வந்து சேரும். செயலி சின்னதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் சென்னை மேலாளர் போட்ட சட்டம்.

திருவக்கரைப் பக்கம் ஆர்டர் எடுக்கப் போகும் அக்கா ஒருவரிடமிருந்து மட்டும் ஒரு பதிவும் வரவில்லை.

“அந்தம்மா வயலுக்கே போறதில்ல போல. அடுத்த மாசம் வேலைய விட்டு நிறுத்திடப் போறாங்களாம்,” என்றார் மேலாளர் போனில், சர்வசாதாரணமாக.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அறையில் வைஃபையில் சோதித்தபோது செயலி ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. மறுநாள் விழுப்புரத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அக்காவோடு பஸ் ஏறினேன்.

இறங்கியதும் அவர் முதல் வேலையாகப் போனில் டேட்டாவை அணைத்தார்.

“ஏங்க்கா?”

“நெட்டு தீந்துபூடும்மா. சார்ஜும் நிக்காது. ஊட்டுக்குப் போய்த்தான் போடுவேன். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான்.”

வரப்பில் நின்ற விவசாயியிடம் பேசிவிட்டுப் படிவத்தைத் திறந்தார். வெறும் வெள்ளைத் திரை.

“பாரு, டெய்லி இதே பேஜாரு. கம்பெனில சொன்னா, உனக்கு ஓட்டத் தெரியலைன்றாங்க. ஊட்டுக்குப் போய்ப் போடலாம்னா விவசாயி கையெழுத்து இல்லாம ஏறாது.”

பையிலிருந்து நோட்டை எடுத்து ஆர்டரை எழுதிக்கொண்டார். பக்கம் பக்கமாக ஆர்டர்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. தப்பு அவருடையதல்ல, எங்களுடையது.

அங்கிருந்தே மேலாளரைக் கூப்பிட்டேன். எல்லா உறுப்புகளையும் செயலிக்குள்ளேயே கட்டிவிடலாம் என்றேன்.

“சைஸ் டபுள் ஆயிடும்மா. டேட்டாவை ஆன்ல வைக்கச் சொல்லு, போதும்.”

ஏசி அறையில் இருந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். விருந்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போகலாம். கழனிக்குப் போகிறவர் கட்டுச்சோற்றோடுதான் போக வேண்டும். அடுத்த நாளே எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டி, புதுச் செயலியை அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டேன். மறுபடி யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வாரமே, பழைய நோட்டில் இருந்தவர்களிடம் மறுபடி போய்க் கையெழுத்து வாங்கியதும் சேர்த்து, அக்காவின் ஆர்டர்கள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் அனுப்பியதற்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டுமாம்.

எழுதினேன். “அனுமதி கேட்டேன், தரவில்லை. அதனால் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கும்படி எதுவும் செய்யவில்லை.”

அடுத்த மாதம் எனக்கு வேலை இல்லை. அக்காவுக்கு இருந்தது.