நண்டுக் கறியோடு ஃபூர் தீவுக்கு வைன் தேடி

நவம்பரில் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் நானும் என் கணவரும் ஒரு சிறிய தமிழ்ச் சாப்பாட்டுக்கடை திறக்கிறோம். கறிகள் என் பொறுப்பு, குடிவகைகள் இவர் பொறுப்பு. விஸ்கியும் பியரும் போதும் என்றார் இவர். ஜெர்மன்காரர் சாப்பாட்டோடு வைன் கேட்பார்கள், இல்லையென்றால் மறுதரம் வரமாட்டார்கள் என்றேன் நான். எங்கள் சாப்பாட்டோடு ஒத்துப்போகும் வைன் ஒன்றாவது கிடைத்தால் வைப்போம், இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவானது. அதற்காகத்தான் செப்டம்பர் கடைசியில் வடகடலில் இருக்கும் ஃபூர் தீவுக்குப் போனோம். கடல் நண்டுக்குக் கடலோர வைன் என்பது என் கணக்கு.

காரில் ஐந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். காலை ஐந்துக்குப் புறப்பட்டு, ஹம்பர்க் சுரங்கப்பாதை நெரிசலில் நின்று, பதினொன்றரைக்கு டாகெபுல் துறைமுகத்தில் காரை விட்டோம். கப்பலில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். நண்டுக்கறிச் சட்டியின் மூடியை இறுக்கிக் கட்டியிருந்தும், வாசனைக்கு எங்கள் பக்கத்து வாங்கில் ஒருவரும் உட்காரவில்லை. வழிச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும் தனியாக இருந்தன.

திராட்சைத் தோட்டத்தை நடத்துபவர் ஹைக்கே என்ற பெண். சுவைத்துப் பார்க்க ஆளுக்கு இருபத்திரண்டு யூரோ. கறி கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். இவ்வளவு வடக்கே சீக்கிரம் பழுக்கிற, பூஞ்சணம் பிடிக்காத இனங்களைத்தான் நடுகிறார்கள். சொலாரிஸ், யொகானிற்றர் இரண்டும் வெள்ளை. கபர்னே கோர்ட்டிஸ் சிவப்பு. சொலாரிஸில் செய்த நுரைக்கும் வைன் ஒன்றும் உண்டு. ஆளுக்கு நான்கு கிளாஸ் ஊற்றி வைத்துவிட்டு, கறியைச் சூடாக்க என்னோடு குசினிக்கு வந்தார்.

திரும்பி வந்தபோது இவருடைய நான்கு கிளாசும் காலி. எங்கள் ஆட்கள் குடிப்பது அப்படித்தான். முதலில் குடி, கடிக்கக் கொஞ்சம் கச்சான் கடலை. எல்லாம் முடிந்த பிறகுதான் சோறு.

எது கறிக்குப் பொருந்தும் என்று நினைக்கிறீர்கள் என்று ஹைக்கே கேட்டார். இவர் என்னைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்தது. இப்ப சாப்பிடுவமே?"

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தைந்து வருடமாக, இவர் கடைசிக் கிளாஸை முடிக்கும்வரை ஆறுகிற சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தவள் நான். நான் குடிப்பதில்லை என்பதால் என் கிளாஸ்கள் தொடாமல் இருந்தன. இவர் கையை நீட்டினார்.

"ஏலாது. இதை நான் பாக்கிறன்," என்றேன்.

வலது கையில் கறி, இடது கையில் கிளாஸ். சொலாரிஸ் பழ வாசனையோடு இறங்கி, நண்டின் உறைப்பை இரண்டு மடங்காக்கியது. சிவப்பு கசந்தது. நுரை வைன் நாக்கில் குத்தியது. யொகானிற்றர் கறிக்குள் காணாமலே போய்விட்டது. கறியை ருசித்த ஹைக்கேயின் கண்ணில் தண்ணீர். மிளகாயைப் பாதியாக்கலாமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் அது வேறு கறி என்றேன். வைன் பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வாயை ஆற்ற ஹைக்கே எங்கள் சொதியைக் கேட்டார். தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சை மிளகாய், கடைசியில் பிழிந்த தேசிக்காய்ப் புளி. கரண்டியால் குடித்தார், யொகானிற்றரை ஒரு வாய் எடுத்தார், கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். நானும் அப்படியே குடித்துப் பார்த்தேன். வைனின் பச்சை ஆப்பிள் போன்ற புளிப்பு தேசிக்காயோடு சேர்ந்துகொண்டது, உறைப்பைப் பால் அடக்கியது. இதை ஏன் குடிக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"சொதி சோத்துக்குக் கடைசியா விடுறதெல்லே. ஆர் அதை முதல்ல கேப்பினம்?" என்றார் இவர்.

"நாங்கள் குடுப்பம். எங்கட ஆக்கள் சோறு வரமுதல்தானே குடிக்கிறவை. சின்னக் கோப்பையில சொதி, ரெண்டு பொரிச்ச இறால், பக்கத்தில இந்த வைன். ஜெர்மன்காரருக்கும் அது பிடிக்கும்."

இவர் தலையாட்டினார். "ஓம், அது ஓடும்."

ஆறு போத்தல் வாங்கினோம், ஒன்று பத்தொன்பது யூரோ. போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு இல்லாமல் போகவேண்டாம். வெறும் வயிற்றோடும் போகவேண்டாம். உங்கள் வீட்டில் தினமும் சமைப்பதைக் கொஞ்சம் கொண்டுபோங்கள், சிறப்பாகச் சமைத்ததை மட்டும் நம்பாதீர்கள். அன்றே காரில் திரும்பாமல் டாகெபுலில் தங்குவது நல்லது. எங்கள் அறை தொண்ணூற்றைந்து யூரோ, சாப்பாடு சூடாக்க வசதி இருந்தது.

அங்கே இவர் ஒரு போத்தலைத் திறந்தார். வழக்கம்போல நான் சூடாக்கிய சொதிச் சட்டியை மூடப் போனேன்.

"மூடாதையும். நீரும் இரும்," என்றார்.

சாப்பிட்டு முடிந்தபோது இவருடைய கிளாசில் இன்னும் பாதி இருந்தது. நான் சொதியைச் சூடாகக் குடித்திருந்தேன்.